வாழ்ந்து காட்டினால் போதுமா, வாயும் திறக்க வேண்டுமா? மலேசியத் தோட்டப் பட்டணத்துக் கத்தோலிக்கர்களுக்கு ஒரு கேள்வி

வாசகர் கேள்வி, ஜூலை 7, 2025

"நான் பாகான் செராய் பக்கம். நம்மைச் சுற்றி இந்துக்கள், முஸ்லிம்கள், சீனர்கள். கத்தோலிக்கன் ஒழுங்காக வாழ்ந்தால் அதுவே போதும். வீடு வீடாகக் கதவைத் தட்டுவது, துண்டுத்தாள் கொடுப்பது எல்லாம் மற்ற சபைக்காரர்கள் வேலை. புனித அசிசி பிரான்சிஸே, எப்போதும் நற்செய்தியைப் போதியுங்கள், தேவைப்பட்டால் மட்டும் வார்த்தைகளைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறார். பிறகு எதற்கு இந்த நற்செய்தி அறிவிப்பு வகுப்புகள்?"

ஜூலை 7, இரவு

கதவைத் தட்ட வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம்தான் நான். "அதுவே போதும்" என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

முதலில் அந்த வாசகம். அசிசியார் எழுதியவற்றில் அது எங்கேயும் கிடையாது. 1221-ல் தன் துறவுச் சபைச் சகோதரர்களுக்காக எழுதிய ஒழுங்கில், 17-ஆம் அதிகாரத்தில், எல்லாச் சகோதரர்களும் தங்கள் செயலால் போதிக்கட்டும் என்று வருகிறது. அது உண்மை. ஆனால் அந்த மனிதர் வாய் மூடி இருந்தவர் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தவர். 1219-ல், சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், எகிப்து சுல்தான் அல்-காமில் முன்னால் போய் நின்று பேசியவர்.

நமக்கு உதவுவது அதற்கு முந்தின 16-ஆம் அதிகாரம். முஸ்லிம்கள் நடுவே போகிற சகோதரர்களுக்கு அதில் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று: வாக்குவாதம், சண்டை எதுவும் இல்லாமல், கடவுளை முன்னிட்டு எல்லாருக்கும் பணிந்து இருப்பது; அதே சமயம் தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதை மறைக்காமல் இருப்பது. இரண்டு: கடவுளுக்கு அது பிரியம் என்று தெரிகிறபோது வார்த்தையை அறிவிப்பது. முதல் வழியிலேயே, நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

ஜூலை 8

சட்டத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, பயந்து பயந்து பேசுவதைவிடத் தெரிந்து வைத்துக்கொள்வது மேல். கூட்டரசு அரசமைப்பின் 11-ஆவது பிரிவு எல்லாருக்கும் தன் சமயத்தைக் கடைப்பிடிக்கவும், 4-ஆவது உட்பிரிவுக்கு உட்பட்டுப் பரப்பவும் உரிமை தருகிறது. அந்த 11(4), முஸ்லிம்களிடையே மற்ற சமயக் கொள்கைகளைப் பரப்புவதை மாநிலங்கள் சட்டம் போட்டுத் தடுக்கலாம் என்கிறது. பேராக், கெடா உட்படப் பல மாநிலங்களில் அப்படிச் சட்டம் இருக்கிறது. ஆகவே அந்தப் பக்கம் நமக்கு அசிசியாரின் முதல் வழிதான். நல்ல அண்டை வீட்டுக்காரனாக இரு, பெருநாளுக்குப் போ, யார் என்று மறைக்காதே, அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சட்டத்தைக் காட்டி, தமிழ் ஆள் ஒருவர் நேராகக் கேட்கிற கேள்விக்குக்கூடப் பதில் சொல்லாமல் நழுவுகிறோமே, அது சட்டம் செய்த வேலை இல்லை. நம் கூச்சம்.

ஜூலை 10

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

நான் நிபோங் திபாலில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மத்தியானம் வரைக்கும் வண்டி சும்மாதான் நிற்கும். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இரண்டு வீடு தள்ளி ஒரு அண்ணன் இருக்கிறார். தோட்டத்தில் பால் வெட்டியவர், ரப்பரை அழித்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்ட பிறகு குலை அறுத்தவர். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) வந்து சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். மகன் சிங்கப்பூரில் வேலை. நான்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருகிறேன்.

அவர் இடது கையில் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தோலுக்கு அடியில் கிர்ரென்று ஓடும். தினமும் காலையில் எழுந்ததும் தொட்டுப் பார்ப்பார், ஓட்டம் இருக்கிறதா என்று. ஒரு நாள் வேனில் உட்கார்ந்து என் விரலை எடுத்து அதன் மேல் வைத்தார். "இது நின்னா நானும் நின்னேன்" என்றார். தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்பதால் ஐஸ்கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு வருவார்.

பெட்ரோலுக்கு வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பார், வாங்க மாட்டேன். தெரியாமல் சீட்டுக்கு அடியில் செருகிவிட்டுப் போவார், திரும்பக் கொண்டுபோய் அண்ணியிடம் கொடுப்பேன். இப்படி ரொம்ப நாள் போன பிறகு, சாலைச் சந்திப்பில் விளக்குக்காக நிற்கும்போது கேட்டார்: "ஏன் தம்பி, உனக்கு இதுல என்னதான் கிடைக்குது?"

நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்கிற பதில் என் வாய் வரை வந்தது. "அட விடுங்கண்ணே, இதெல்லாம் ஒரு விஷயமா." அடக்கமான பதில்தான். ஆனால் அதைச் சொல்லியிருந்தால் அவர் மனதில் என்ன பதிந்திருக்கும்? இந்தப் பையன் தங்கமானவன் என்று. பேர் எனக்கு. நான் அவ்வளவு நல்லவன் இல்லை என்பது என் மனைவிக்குத் தெரியும், கடவுளுக்கும் தெரியும். என்னை இதைச் செய்ய வைத்தது யாரோ, அவர் பேரைச் சொல்லாமல் நானே வாங்கி வைத்துக்கொள்வது நியாயமில்லை.

அதனால் சொன்னேன். "அண்ணே, ஞாயித்துக்கெழம பூசையில நான் வாங்குற நன்மை, அந்த அப்பம், ஆண்டவரோட உடம்புன்னு நம்புறேன். அவரு என்னைத் தேடி வந்துட்டுப் போனப்புறம், ரெண்டு வீடு தள்ளி இருக்கிற உங்களை நான் தேடி வரலன்னா நல்லாவா இருக்கும்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப ஒன் சாமிதான் பெட்ரோல் போடுதா" என்று சிரித்தார். அப்புறம் கெம்போங் மீன் விலை ஏறிப் போனதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவ்வளவுதான். இன்றைக்கும் அவர் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். இன்றைக்கும் நான் வேன் ஓட்டுகிறேன்.

மத்தேயு 5:16-ஐ எடுத்துப் படியுங்கள். உங்கள் நற்செயல்களைக் கண்டு உங்களைப் புகழட்டும் என்று ஆண்டவர் சொல்லவில்லை. விண்ணகத் தந்தையைப் போற்றட்டும் என்கிறார். தந்தை இருக்கிறார் என்று யாரும் சொல்லாவிட்டால் அவரை எப்படிப் போற்றுவார்கள்?

ஜூலை 11

"அப்படியானால் நோயாளியை மடக்கி மதம் மாற்றுவதுதான் உங்கள் எண்ணமா?" என்று ஒரு இந்து வாசகர் கேட்டிருக்கிறார். கோபமாகக் கேட்டாலும் நியாயமான கேள்வி, ஐயா. நேராகவே சொல்கிறேன்.

இல்லை. எங்கள் திருச்சபையே அதைத் தடுக்கிறது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7-ல் சமய உரிமை பற்றி வெளியிட்ட ஏட்டில், விசுவாசத்தைப் பரப்பும்போது வற்புறுத்தலின் சாயல்கூட இருக்கக் கூடாது, அதிலும் ஏழைகளிடமும் படிப்பு இல்லாதவர்களிடமும் கூடவே கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தோட்டத்து ஆட்களிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, எங்களோடு சேர்ந்தால் குணமாகிவிடும் என்று சொன்னவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அது உங்களுக்கு எவ்வளவு வலித்ததோ, எனக்கும் வலித்தது.

அந்த அண்ணன் கேட்டார், நான் சொன்னேன். கேட்காமலே இருந்திருந்தாலும் வேன் போயிருக்கும். இனி மறுபடி கேட்காவிட்டாலும் போகும்.

ஜூலை 11, கொஞ்சம் கழித்து

அரிசி மூட்டையோடு செபத்தாள் வைக்கலாமா என்று ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபைத் தம்பி ஒருவர் தனியாகக் கேட்டார். வைக்காதீர்கள். பொருள் கொடுக்கிற கையோடு பேச்சைக் கொடுக்காதீர்கள். வாங்குகிறவருக்கு மறுக்க வழி இல்லாத நேரம் அது.

ஜூலை 13

அந்தத் தம்பிக்காக அவர் சபை பிறந்த கதை. 1833, பாரிஸ். பிரெடெரிக் ஓசானாம் என்கிற இருபது வயது மாணவர், நண்பர்களோடு கூடி, திருச்சபையைக் குறை சொல்கிறவர்களோடு காரசாரமாக விவாதம் செய்துகொண்டிருந்தார். ஒருவன் எழுந்து கேட்டான்: உங்கள் சபை அந்தக் காலத்தில் நல்லது செய்தது சரி, இன்றைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஓசானாம் அதற்கு இன்னொரு விவாதத்தைப் பதிலாகத் தரவில்லை. கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஏழைகளின் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார். எந்த வீட்டுக்குப் போவது, எப்படிப் பேசுவது என்று ரொசாலி ரெந்து என்ற கன்னியர் காட்டிக்கொடுத்தார்.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, செயல்தான் பெரிது என்று பாகான் செராய் வாசகர் சொல்லக்கூடும். சரிதான். ஆனால் ஓசானாம் பேசுவதை விட்டுவிடவில்லை. பிற்பாடு சொர்போனில் பேராசிரியராக இருந்து கடைசிவரை விசுவாசத்துக்காக எழுதினார், பேசினார். படி ஏறி இறங்கிப் பழகியதால் அந்தப் பேச்சுக்கு ஒரு கனம் வந்தது.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1975-ல் எழுதிய மடலில் இரண்டும் இருக்கிறது. இக்காலத்து மனிதன் போதகர்களைவிடச் சாட்சிகளுக்கே அதிகம் செவிகொடுக்கிறான் என்பதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே மடலில் 22-ஆம் எண்ணில் அவர் சொல்வதை யாரும் எடுப்பதில்லை: எவ்வளவு நல்ல சாட்சிய வாழ்வும் விளக்கிச் சொல்லப்படாவிட்டால் நாளடைவில் பலனற்றுப் போகும், இயேசுவின் பெயர் அறிவிக்கப்படாத இடத்தில் உண்மையான நற்செய்தி அறிவிப்பு இல்லை.

ஜூலை 18

ஆடி பிறந்துவிட்டது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் உதவி செய்யலாமா என்று வருஷா வருஷம் வருகிற கேள்வி இந்த வருஷமும் வந்துவிட்டது.

நான் போகிறேன். வெங்காயம் உரிக்கிறேன், அண்டா தூக்குகிறேன், கார் நிறுத்த இடம் காட்டுகிறேன். எங்கள் அம்மா செத்தபோது பந்தல் போட்டு, ராத்திரி முழுக்க விழித்திருந்து, மூன்று நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்டது அந்தக் கோயில்காரர்கள்தான். பூசை நேரத்தில் வெளியே நின்றுகொள்வேன். விபூதித் தட்டு வந்தால் கும்பிட்டு, "நான் வேதக்காரன் ஐயா" என்பேன். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. "தெரியும்பா, நீ அந்தப் பக்கம் போயி சாம்பார் வாளியப் பாரு" என்பார் பூசாரி.

படையல் சாப்பாடு பற்றிப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் 8-லிருந்து 10 வரைக்கும் மூன்று அதிகாரம் இருக்கிறது. இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனசாட்சியை முன்னிட்டுச் சாப்பிடாதே என்கிறார். சமையல் கொட்டகையில் எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன், சந்நிதியிலிருந்து வருவதை மரியாதையோடு தவிர்த்துவிடுகிறேன். இது என் நிதானம். உங்கள் பங்குக் குருவிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை 21

கூலிம் அக்கா ஒருவர் எழுதியது மனதைத் தொட்டது. "வெளியாருக்குச் சொல்வது இருக்கட்டும் தம்பி, என் பிள்ளைகளே கோயிலுக்கு வருவதில்லை. அவர்களுக்கு எப்படிச் சொல்வது?"

திருச்சபை பற்றிய வத்திக்கான் சங்க ஏட்டில், 1964-ல் வந்தது, 11-ஆம் எண்: பெற்றோர் தங்கள் வார்த்தையாலும் முன்மாதிரியாலும் பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதல் போதகர்களாக இருக்க வேண்டும். அங்கேயும் இரண்டும் சேர்ந்தே வருகிறது.

எங்கள் லயத்து வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். பத்து வீடு ஒட்டி ஒட்டி. வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்பு, அதுவும் கூரை வரைக்கும் ஏறாது. ஒரு வீட்டில் தும்மினால் நாலாம் வீட்டில் நூறு என்பார்கள். எங்கள் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாதர் மாதம் ஒரு தடவைதான் தோட்டத்துக்கு வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் சொல்லிக் கொடுத்த மந்திரங்கள்தான் அப்பாவுக்கு வேதம். இரவு ஏழு மணிக்கு மண்ணெண்ணெய் விளக்கைத் தாழ்த்திவிட்டு முட்டி போடுவார். பால் வாளி தூக்கித் தூக்கிக் காய்ப்புப் பிடித்த கை, செபமாலை மணி அந்தக் காய்ப்பில் தட்டித் தட்டி நகரும். நாங்கள் தூங்கி விழுந்தால் அடிக்க மாட்டார். குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்துவார்.

அடுத்த வீட்டு இந்துப் பாட்டி அந்தப் பக்கம் வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டுக் கேட்டு, அருள் நிறைந்த மரியே முழுவதும் மனப்பாடம். அப்பாவுக்கு ஒரு நாள் இருமல் வந்து பாதியில் நின்றபோது மீதியைத் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாட்டி சொல்லி முடித்தார். நாங்கள் சிரித்துவிட்டோம். அப்பா சிரிக்கவில்லை. "ஆமென், ஆயா" என்று சொல்லிவிட்டு அடுத்த மணிக்குப் போனார்.

அக்கா, உங்கள் பிள்ளைகள் வருகிறார்களோ இல்லையோ, அவர்கள் வீட்டில் இருக்கிற அன்றைக்கு நீங்கள் சத்தமாகச் செபிப்பதை நிறுத்தாதீர்கள். அப்புறம், அவர்களைத் திட்டாமல் ஒரு தடவை, உங்களுக்கு ஆண்டவர் என்ன செய்தார் என்று உட்கார்ந்து சொல்லுங்கள். நம் பிள்ளைகளில் பலர் அம்மா வாயிலிருந்து "கோயிலுக்குக் கிளம்பு" என்பதைத்தான் கேட்டிருக்கிறார்கள், அம்மா ஏன் போகிறாள் என்பதைக் கேட்டதே இல்லை.

ஜூலை 22

பக்கத்து ஊர்க்காரராயிற்றே என்று பாகான் செராய் வாசகருக்கு ஒரு நினைவூட்டல். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்று பாரிஸ் மறைபோதகக் குருக்கள் குடியிருப்பு அமைத்த ஊர் உங்கள் ஊர். அதற்கும் முன்னூறு வருஷம் முந்தி, 1545-ல், பிரான்சிஸ் சவேரியார் மலாக்காவில் வந்து இறங்கியபோது முத்துக்குளித் துறையில் தமிழ்ச் செபங்களை மனப்பாடம் செய்து முடித்திருந்தார். உச்சரிப்பு எப்படியோ, அந்தத் துறையில் மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் கட்டளைகளையும் தமிழில் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றவர்களுக்குச் சொன்னார்கள். அன்றைக்கு யாரோ வாயைத் திறந்ததால்தான் நீங்களும் நானும் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஜூலை 27

நேற்று புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் பெருவிழா. கால் வைக்க இடமில்லை. 2019-ல் பசிலிக்கா என்ற சிறப்பு நிலைக்கு உயர்த்தப்பட்ட பிறகு வெளிநாட்டுக் கூட்டமும் கூடியிருக்கிறது. வழக்கம்போல இந்துக்களும் சீனர்களும் மெழுகுத்திரியோடு வரிசையில்.

எங்களுக்கு முன்னால் பொட்டு வைத்த ஒரு அம்மா, கையில் மல்லிகைச் சரம். வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்த ஒரு கத்தோலிக்கப் பையனிடம், "இந்த அம்மா யாரு தம்பி?" என்று கேட்டார். அவன், "செயின்ட் ஆன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு ஓடிவிட்டான். பாவம், அவனுக்கு ஆயிரம் வேலை.

என் மனைவி பக்கத்தில் போய்ச் சொன்னாள்: "இயேசுவோட பாட்டிம்மா. மாதாவைப் பெத்தவங்க. ரொம்ப நாளு குழந்தை இல்லாம அழுது செபிச்சவங்கன்னு சொல்வாங்க. கொடுக்கறது பேரன்தான், பாட்டி நமக்காகப் பேரன்கிட்ட சிபாரிசு பண்ணுவாங்க."

அந்த அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். "எம்மவளுக்கும் கல்யாணமாகி ஏழு வருஷமாச்சும்மா" என்று கண் கலங்கிவிட்டார். வரிசை நகர்கிறவரை இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மகள் பெயரை என் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டாள், நேற்றிரவு செபமாலையில் சேர்த்தாகிவிட்டது.

அன்னம்மாள் பெயர் விவிலியத்தில் இல்லை, இரண்டாம் நூற்றாண்டுத் தொல்மரபு எழுத்திலிருந்து வருகிறது என்று யாராவது எனக்கு எழுதுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அதனால்தான் அவள் "சொல்வாங்க" என்றாள். ஆனால் கவனியுங்கள், "கொடுக்கறது பேரன்தான்" என்ற ஒரு வரியில் அவள் கிறிஸ்துவைச் சொல்லிவிட்டாள். அத்தனை பேர் தாமாகவே வந்து, தாமாகவே கேட்கிற இடம் அது. பதில் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். அடுத்த வருஷம் நவநாள் நாட்களில், கேட்டால் இரண்டு வார்த்தை சொல்லத் தெரிந்தவர்களாகப் பார்த்துத் தொண்டர்களோடு நிறுத்தலாமே என்று தோன்றுகிறது.

ஜூலை 30

2022 மே 15-ஆம் தேதியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அன்றைக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரே திருப்பலியில் புனிதர்களாக அறிவித்தவர்களில் இரண்டு பேர்: நம் தேவசகாயமும், பிரெஞ்சுக்காரர் சார்ல் தெ ஃபூக்கோவும்.

ஃபூக்கோ சகாரா பாலைவனத்தில் துவாரெக் மக்கள் நடுவே வாழ்ந்தார். அவர்கள் மொழிக்கு அகராதி தொகுத்தார், வந்தவருக்கெல்லாம் கதவைத் திறந்து வைத்தார். என்னைப் பார்க்கிறவர்கள், வேலைக்காரனே இப்படி என்றால் எஜமான் எப்படிப்பட்டவரோ என்று நினைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. மனம் மாறியவர்கள் என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய யாரும் இல்லை. 1916 டிசம்பர் 1-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

தேவசகாயத்தின் கதை வேறு மாதிரி. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா மகாராஜாவிடம் உத்தியோகம். வீட்டில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம், மாடுகள் செத்துப்போயின, மனிதர் இடிந்து போயிருந்தார். 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர்ப் படையிலேயே தளபதியான டச்சுப் படை அதிகாரி டி லனாய் அவர் முகவாட்டத்தைப் பார்த்துக் காரணம் கேட்டார். கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார். ஒரு போர் வீரர், குருவும் இல்லை, உபதேசியாரும் இல்லை. அந்தப் பேச்சில்தான் ஆரம்பம். 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். சாதி பாராமல் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில், காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

டி லனாய் என்ன செய்தார் என்பதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டார். பதிலைக் கடைசிவரை காது கொடுத்துக் கேட்டார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார், அப்போதும் கொள்கை விளக்கம் இல்லை, எதிரில் இருப்பவனின் துயரத்துக்குப் பொருந்துகிற ஒரு கதை. திருச்சபை இந்த இரண்டு பேரையும் ஒரே பீடத்தில் வைத்ததில் எனக்கு ரொம்ப ஆறுதல். ஆனால் துவாரெக் மக்கள் நடுவே வாழ்கிற நிலைமை நம் எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் இல்லை. நம் எதிரில் டீ குடித்துக்கொண்டு இடிந்துபோய் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் ஒரு நீலகண்ட பிள்ளைதான், நம் மொழி பேசுகிறவர், கேட்கத் தயாராக இருக்கிறவர்.

ஆகஸ்ட் 4

கசப்பான விஷயம் ஒன்று, தவிர்க்க முடியவில்லை.

ஒரு பங்கில் நடந்தது, எந்தப் பங்கு என்று கேட்காதீர்கள். அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கிற கூட்டம்) முன்னால் நின்று செபமாலை நடத்துகிற ஒருவர் வட்டிக்கு விடுகிறவர். அடமானமாகக் கடன் வாங்கியவரின் வங்கி அட்டையையே பிடித்து வைத்துக்கொள்வார், சம்பளம் விழுகிற அன்று இவரே போய் எடுத்துக்கொள்வார். கடன் வாங்கியவர் ஒரு இந்துக் குடும்பத் தலைவர். அவர் பிள்ளைகள் என் வேனில் வருகிறவர்கள். மாதக் கட்டணம் கேட்டு நான் போனபோது அந்த அம்மா சொன்னார்: "ஒங்க மாதாகிட்ட தினமும் அம்பது தரம் பேசுறவரு, எம்புருஷன்கிட்ட அட்டைய ஒரு தரம் குடுக்கலாம்ல."

என்னிடம் பதில் இல்லை. அந்த வீட்டில் இனி யார் போய் இயேசுவின் பேரை எடுக்க முடியும்? கடவுளை நம்பாதவர்கள் உருவாவதில் விசுவாசிகளுக்கும் பங்கு உண்டு, தங்கள் வாழ்க்கைக் குறைகளால் அவர்கள் கடவுளின் முகத்தைக் காட்டுவதற்குப் பதில் மறைத்துவிடுகிறார்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லியிருக்கிறது. பாதரிடம் போய்ச் சொன்னோம். அட்டை திரும்பி வந்தது. ஆனால் அந்த அம்மா இன்னும் என்னிடம் கட்டணம் பற்றி மட்டும்தான் பேசுகிறார்.

முதல் நாள் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். வாய் திறக்க வேண்டும் என்று நான் வாதாடுகிறேன், சரி. ஆனால் அட்டையைப் பிடித்து வைத்திருக்கிறவன் முதலில் திறக்க வேண்டியது கைப்பெட்டியை.

ஆகஸ்ட் 9

கல்யாணம். நம் ஊர்களில் இந்துப் பெண்ணோ பையனோ நம் கோயில் வாசலுக்கு வருவதற்கு இது ஒரு பெரிய காரணம், ஆனால் இங்கே பெரியவர்கள் செய்கிற அவசரம் சொல்லி மாளாது. "சேர்ந்தால்தான் கோயிலில் தாலி" என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். அது உண்மையும் இல்லை. ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க ஆயரிடமிருந்து விதிவிலக்கு வாங்கலாம். கத்தோலிக்கத் தரப்பு தன் விசுவாசத்தில் நிலைத்திருப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கத் திருச்சபையில் வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும் வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அதைத் தெரியப்படுத்த வேண்டும். அவரை எதற்கும் கட்டாயப்படுத்துவதில்லை.

எங்கள் சொந்தத்தில் ஒரு மருமகள் அப்படித்தான் வந்தாள். மாமியார் ஒரு நாளும் "எப்போ சேரப் போற" என்று கேட்கவில்லை. மருமகள் கந்த சஷ்டி விரதம் இருந்தபோது தனியாகச் சமைத்துக் கொடுத்தார். மருமகள் மாமியாரோடு மருத்துவமனைகளுக்கு நற்கருணை கொண்டுபோகிற பாதரின் வண்டியை ஓட்டினாள். பல வருஷம் கழித்து, அவளாகவே, பெரியவர்களுக்கான ஞானஸ்நான வகுப்பில் பெயர் கொடுத்தாள். பாஸ்காத் திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தின இரவு) அன்று மாமியார்தான் ஞானத்தாய்.

ஆகஸ்ட் 13

"எனக்குப் பேச வராது, வேதம் படித்தவனும் இல்லை" என்று எழுதியிருக்கிறார் பாகான் செராய் வாசகர். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் குரலில் வேறு தொனி, அதனால் சந்தோஷமாக எழுதுகிறேன்.

எங்கள் அன்பியத்தில் ஒரு காரியம் செய்து பார்த்தோம். வழக்கமான வாசகப் பகிர்வுக்குப் பிறகு, நீங்கள் ஏன் இன்னும் கத்தோலிக்கராக இருக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். முதலில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. விசிறிச் சத்தம்தான். பிறகு எண்பது வயது ஆயா ஒருவர் ஆரம்பித்தார். தோட்டத்தில் புருஷனைப் பாம்பு கடித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற வழியிலேயே போய்விட்டார். வயிற்றில் பிள்ளை. "அன்னைக்கு ராத்திரி சிலுவையப் பார்த்து, ஒனக்கும் வலிச்சிச்சா சாமின்னு கேட்டேன். ஆமான்னு சொன்ன மாதிரி இருந்துச்சி. அதான் போகல." முடிந்தது. முப்பது விநாடிகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு எல்லாரும் பேசினார்கள், இரவு பதினோரு மணி வரைக்கும்.

புனித பேதுரு முதல் திருமுகம் 3:15. உங்களிடம் உள்ள நம்பிக்கைக்கு விளக்கம் கேட்பவருக்குப் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாயிருங்கள், ஆனால் பணிவோடும் மரியாதையோடும். அவர் விரிவுரை கேட்கவில்லை ஐயா. அந்த ஆயா சொன்னதுதான் பதில். உங்களிடமும் ஒன்று இருக்கும். வீட்டில் மனைவியிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள், அடுத்த தடவை தானாக வரும்.

ஆகஸ்ட் 18

பத்து காஜா தங்கச்சி கேட்டது: "கூட வேலை செய்கிற இந்துத் தோழி தமிழ்ப் பூசை பார்க்க வேண்டும் என்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன். என்ன செய்யட்டும், என்ன சொல்லட்டும்?"

கடைசி வரிசையும் வேண்டாம், முதல் வரிசையும் வேண்டாம், நடுவில் ஓரமாக உட்காருங்கள். எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று அவள் உங்களைப் பார்த்துச் செய்துகொள்வாள். முட்டி போட வேண்டியதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நன்மை வாங்கப் போகும்போது, "இது நாங்க ஞானஸ்நானம் வாங்கி, தயாரிச்சு வாங்குறது, நீ இங்கயே உக்காரு, நான் வந்துடுறேன்" என்று காதில் மெதுவாகச் சொல்லுங்கள். அவள் தனியாக எழுந்து வரிசையில் போய் நின்று சங்கடப்படக் கூடாது. திரும்பி வந்ததும் எப்போதும் போலக் கண்ணை மூடிச் செபியுங்கள், அவளுக்காக அதைச் சுருக்க வேண்டாம்.

பூசை முடிந்ததும் பாதரிடம் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், மரியாயின் சேனை என்ற பக்திக் குழு அக்காமாரிடமும் ஒப்படைக்காதீர்கள். எங்காவது கூட்டிப்போய்ப் பசியாறுங்கள். என்ன தோன்றியது என்று அவளைக் கேளுங்கள், அவள் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். நீ ஏன் வாராவாரம் போகிறாய் என்று அவள் கேட்டால், உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.